நீலக் கயிறு

சுவா துறைமுகத்து மீன் ஆலையின் தகரக் கூரை மழையில் அதிர்கிறது. ரம்ப மேஜைக்கு மேலே புதிதாக ஒரு நீலக் கயிறு தொங்குகிறது. "இது ஜப்பான் முறை. தப்பு எது கண்ணுல பட்டாலும் யாரையும் கேக்காதீங்க. கயித்தை இழுங்க, மிஷின் நின்னுரும்" என்று காலையில்தான் மேற்பார்வையாளர் செமி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கயிறு, ரம்பத்தில் மீன் அறுக்கும் சகியூசாவின் தலைக்கு நேர் மேலே ஆடுகிறது; எதிரே நிற்கிறாள் அவன் தங்கை வாசிதி. "அண்ணன் தலைக்கு மேலயே கை நீட்டப் போறியாடி? பெரிய ஆளுதான்!" என்று பக்கத்தில் நிற்கும் மெரெயானி சிரிக்கிறாள். வாசிதிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருவர் தலைக்கு மேல் கை நீட்டுமுன் குனிந்து 'திலோ' என்று மன்னிப்புக் கேட்பதும், நீட்டியபின் மெல்லக் கைதட்டுவதும் அவள் நடக்கப் பழகியபோதே பழகிய மரியாதை. சூரை மீன்களின் முதுகில் குழல்விளக்கின் வெளிச்சம் வழுக்குகிறது. சகியூசாவின் கையுறை நுனியை ரம்பம் கவ்வுவதை அவள் பார்த்துவிடுகிறாள். கை எழுகிறது, அதற்குள் முதுகு தானாகக் குனிகிறது. "திலோ, அண்ணா..." அவன் அலறுகிறான். அதன் பிறகுதான் அவள் கை கயிற்றை இழுக்கிறது. மிஷின் நிற்கிறது. சிவப்பு விளக்கு சுழல்கிறது. மீன் ரத்தத்தின் மேல் புது ரத்தம் பரவுகிறது. எல்லோரும் சகியூசாவிடம் ஓடுகிறார்கள். வாசிதியின் உள்ளங்கைகள் மட்டும், அவளைக் கேட்காமலே, மெல்லத் தட்டிக்கொண்டிருக்கின்றன.