காயாத பசை

"மேஸ்திரி, வண்டி இறங்குமா?"

பட்டறை வாசலில் மூச்சு வாங்க நின்றபடி கேட்டான் கணவன். வேலை நேரத்தில் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவான். அவன் அந்தக் கடற்கரையில் உயிர்காப்பாளன். அவள் அங்கேயே மெக்கானிக்.

அவள் கடலில் ஓட்டும் பழைய ஜெட் ஸ்கிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, இருக்கையைக் கழற்றிய பள்ளத்துக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தாள்.

"பசை காயலைங்க. இறக்கினா மூழ்கிடும்."

அவன் சிவப்பு மிதவையைத் தோளில் மாட்டிக்கொண்டு தண்ணீரை நோக்கி ஓடினான்.

பாறைகளுக்கு அப்பால் யாரோ ஒருவர் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். காவல் கோபுரத்திலிருந்து விசில் விடாமல் ஒலித்தது.

அந்த வண்டி அவர்கள் கல்யாணத்தைவிட மூத்தது. இன்ஜினிலிருந்து பின்னால் போகும் ஷாஃப்ட், அடிப்பாகத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் இடத்தில் ஒரு உலோக வளையம் உண்டு. அதை ஒட்டியிருந்த பசை போன வாரம் நடுக்கடலில் விட்டுப்போயிற்று. உள்ளே தண்ணீர் ஏறி வண்டி கவிழ, அவன் அதைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் மிதந்தான். அந்தப் பக்கமாகப் போன மீன்படகு ஒன்று கண்டெடுத்துக் கொண்டுவந்து சேர்த்தது.

கடல் தன்னைத் திருப்பிக் கொடுத்துவிட்டது, சாமான் சரியில்லையாம் என்று வீட்டுக்கு வந்ததும் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. படுத்தால் அந்த முக்கால் மணி நேரம்தான் கண்ணுக்குள் வந்து நின்றது.

மறுநாளே வேலையைத் தொடங்கினாள். பழைய பசையைச் சுரண்டி, ஃபைபரை உப்புத்தாளால் தேய்த்து, புது வளையத்தை ஒட்டி, நாலு போல்ட்டையும் முறுக்கினாள். பிறகு தினமும் காலையில் அவன் வந்து எட்டிப் பார்ப்பான். அவள் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவாள். காற்றில் ஈரம் அதிகம், இன்னும் ஒரு நாள் ஆகும் என்பாள்.

இப்போது வாசலில் வந்து நின்றாள்.

அலைகளுக்கு நடுவே அவன் தலை தெரிந்தது. மறைந்தது. தெரிந்தது.

இரண்டு தலைகள் ஒட்டித் தெரிந்தன.

பிறகு ஒன்றுதான் தெரிந்தது. அது அவனுடையது இல்லை.

கால்கள் தன்னால் உள்ளே ஓடின. இருக்கையை வைத்து அழுத்திக் கொக்கியை மாட்டினாள். தள்ளுவண்டியோடு சேர்த்து ஜெட் ஸ்கியைச் சரிவில் உருட்டினாள்.

கோபுரத்துக்காரர் இறங்கி ஓடிவந்து குறுக்கே நின்றார். பாதி வழியில் முங்கிவிடும், ஒன்றுக்கு மூன்று பிணமாகிவிடும் என்று கெஞ்சினார். அவரைத் தள்ளிவிட்டுப் போனாள்.

இன்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

அவள் போய்ச் சேர்ந்தபோது, பயத்தில் அந்த ஆள் அவள் கணவனின் தோள்மேல் ஏறி அவனைத் தண்ணீருக்குள் அழுத்திக்கொண்டிருந்தார். முதலில் அவர் சட்டைக் காலரைப் பிடித்து வண்டிமேல் இழுத்துப் போட்டாள். பிறகு கணவனின் தலைமுடி கையில் அகப்பட்டது. விடவில்லை.

மூன்று பேரைச் சுமந்துகொண்டு அந்தக் கிழட்டு வண்டி கரைக்கு வந்தது.

கூட்டம் கூடிவிட்டது. மூழ்கும் வண்டி என்று தெரிந்தே போனாளே, என்ன நெஞ்சழுத்தம் என்று கோபுரத்துக்காரர் ஒவ்வொருவரிடமும் சொன்னார். யாரோ அவள் முதுகில் தட்டினார்கள்.

கணவன் மணலில் குப்புறக் கிடந்து உப்புத் தண்ணீரைக் கக்கினான். மெல்ல எழுந்தான். தள்ளாடியபடி போய் இருக்கையைத் தூக்கினான், தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க.

வெகுநேரம் குனிந்தே நின்றான்.

ஷாஃப்டுக்கு அடியில், அவள் தேய்த்த ஃபைபர் தூசி வெள்ளையாக, பொடியாக, நனையாமல் அப்படியே கிடந்தது.

அவன் திரும்பினான். உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

"எப்ப காஞ்சுது?"

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாலு நாளாச்சுங்க."