எடை ஏறிய வாரம்

மகள் ஏறி நின்ற எடை மெஷினின் முள் டாக்டர் சொன்ன இடத்தைத் தொட்டதும், கடையிலிருந்து கழுத்தில் அளவு நாடாவோடு நேரே வந்திருந்த தையல்காரம்மா பெருமூச்சு விட்டாள்.

"இனி அட்மிட் பண்ண வேண்டாமே சிஸ்டர்? திங்கக்கிழமை இவளுக்குப் பரீட்சை."

சாப்பாட்டைக் கண்டாலே மிரளும் கல்லூரிப் பெண். கன்னம் இன்னும் ஒட்டித்தான் கிடந்தது. நர்ஸுக்கு மனசு ஒப்பவில்லை.

"எதுக்கும் ஆஸ்பத்திரி கவுன் மாத்திட்டு மறுபடி ஏறும்மா."

இரண்டு கிலோ குறைந்தது. கழற்றிய பாவாடையின் ஓரத்துக்குள் வரிசையாக ஈயக்குண்டுகள், இழை பிசகாமல் வைத்துத் தைக்கப்பட்டிருந்தன.

"பெத்தவளையே ஏமாத்துறியா?" நர்ஸ் சீறினாள்.

"எனக்கு ஊசியில நூல் கோக்கக்கூடத் தெரியாது சிஸ்டர்," என்றாள் பெண், அம்மாவைப் பார்க்காமல். "என்னை இங்கேயே சேத்துக்குங்க. வீட்டுக்கு அனுப்பிடாதீங்க."