கீழ்வீட்டுச் சிவப்பு லைற்

“தம்பி கணேசலிங்கம், கட்டடத்தை வாங்கினாப் போதுமே? உள்ளை என்ன நடக்குதெண்டும் பாக்க வேணும்.”

அருமைநாதன் டெலிபோனில் இப்படித் தொடங்கியதும், பக்கத்து நகரமான லவாலில் இருந்த வீட்டுச் சொந்தக்காரர் கணேசலிங்கத்துக்குத் தலையிடி வந்துவிட்டது.

“என்ன அண்ணை, ஹீற்றர் வேலை செய்யேல்லையே?”

“ஹீற்றரை விடும். கீழ்வீட்டு ஒடீலியா சனிக்கிழமை பின்னேரங்களிலை வாசலிலை சிவப்பு லைற் போடுறாள்.”

“கிறிஸ்மஸ் லைற்றாக்கும்.”

“மார்ச் மாதத்திலை என்ன கிறிஸ்மஸ்? லைற் எரிஞ்ச கையோடை ஆம்பிளையள் வந்து பெல் அடிக்கிறாங்கள். உள்ளை போறாங்கள். வெளியிலை வரேக்கை முகமெல்லாம் சிரிப்பு. மேல் ஜன்னலாலை நான் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்.”

பெண்களும் பிள்ளைகளும் கூடத்தான் வந்து போனார்கள். அதை அருமைநாதன் சொல்லவில்லை.

குவாத்தமாலாவிலிருந்து வந்த ஒடீலியா மீது அவருக்குப் பழைய கோபம். அவள் குடிவந்த புதிதில் படியில் கண்டு, பிரெஞ்சில் ‘பொன்ஜூர்’ என்று வணக்கம் சொன்னார். அவள் திரும்பியும் பாராமல் போய்விட்டாள். வருடங்கள் போயும் அந்தப் பொன்ஜூரை அவர் மறக்கவில்லை. “அவளோடை நீ கதைக்கக் கூடாது” என்று மனைவி றோசலினுக்கும் அன்றைக்கே கட்டளை போட்டுவிட்டார்.

“தனிய இருக்கிற மனிசி அண்ணை. வீட்டை விட்டு எழுப்பினா எங்கை போகும்?”

“அது அவள் யோசிச்சிருக்க வேணும். மானமுள்ள ஆரும் அந்த வாசல் மிதிக்க மாட்டினம். லைற் கொழுவின ஆள் ஜூலை முதலாந் திகதி, ஊரே வீடு மாறுற நாளிலை, சாமானைக் கட்ட வேணும். வாக்குத் தாரும்.”

“சரி, சனிக்கிழமை வாறன். நீங்கள் சொன்னபடி லைற் எரிஞ்சா, கொழுவின ஆளை எழுப்பிறன். வாக்கு.”

சனிக்கிழமை கணேசலிங்கம் வந்தபோது அருமைநாதன் தனியே இருந்தார்.

“அக்கா எங்கை?”

“பிலோமினம்மா வீட்டிலை செபமாலை. சனிக்கிழமை எண்டால் தவற விடமாட்டா. இரும், லைற் எரியக் கொஞ்ச நேரம் கிடக்கு. இதைச் சாப்பிடும்.”

பிரிஜ்ஜில் இருந்த ஒரு வாழையிலைப் பொதியைச் சூடாக்கிக் கொண்டுவந்து வைத்தார். கணேசலிங்கம் இலையை விரித்தார். மெத்தென்ற சோளமாவு. உள்ளே தக்காளிக் குழம்பில் ஊறிய பன்றி இறைச்சி. நடுவில் ஒரு ஒலிவ்காய்.

“நல்ல ருசி, அண்ணை. ஆர் செய்தது?”

“செபம் முடிய அங்கை பொம்பிளையள் சேந்து அவிக்கிறவை. எண்டாலும் இது என்ர மனிசியின்ர கைப்பக்குவம். வேறை ஆருக்கும் இப்பிடி வராது.”

அப்போதுதான் ஜன்னலுக்கு வெளியே பனி சிவந்தது.

“பாத்தீரே? வாரும்.”

அருமைநாதன் முன்னே இறங்கினார். கதவுக்கு மேலே, நிலையின் உச்சியில் சிவப்பு பல்ப் எரிந்துகொண்டிருந்தது. கணேசலிங்கம் பெல்லை அமத்தினார்.

கதவைத் திறந்த ஒடீலியா கணேசலிங்கத்தின் நெஞ்சுயரம்தான் இருந்தாள். அருமைநாதனைக் கண்டதும் ஒரு கணம் தயங்கினாள். பிறகு வாய் நிறையச் சிரித்தாள்.

“பொன்ஜூர், முஸ்யூ.”

அருமைநாதன் அவளைத் தாண்டி உள்ளே நுழைந்தார்; கணேசலிங்கமும் பின்னால் போனார்.

உள்ளே அடுப்பில் பெரிய பானை கொதித்தது. வீடு முழுக்க வெந்த வாழையிலை வாசம். கணேசலிங்கம் மூக்கை உறிஞ்சினார். மேசையைப் பார்த்தார்.

“அண்ணை, இப்ப மேலை நான் சாப்பிட்டது இதெல்லே?”

மேசையருகே இலைப்பொதிகளுக்கு நூல் கட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். றோசலின்.

“நீ செபமாலைக்கெல்லே போனனி?” அருமைநாதன் கேட்டார்.

“அது வேளைக்கே முடிஞ்சிடும். பேந்து பின்கதவாலை இஞ்சை வாறனான். இது தமால். இவையின்ர ஊரிலை சனிக்கிழமை சிவப்பு லைற் எரிஞ்சா, அந்த வீட்டிலை தமால் வெந்திட்டுது எண்டு அர்த்தமாம். இஞ்சை இருக்கிற அவையின்ர சனமும் அதைக் கண்டுதான் வாங்க வருகுது.”

“அவளோடை கதைக்கக் கூடாதெண்டு சொன்னனான்.”

“கதைக்கக் கூடாதெண்டுதானே சொன்னனீங்கள். இலை கட்டக் கூடாதெண்டு சொல்லேல்லையே. கிழமைக்குக் கிழமை ரெண்டு மூண்டு பொதியை இலை வழிச்சுச் சாப்பிடேக்கை உங்களுக்கு ஒரு குறையும் தெரியேல்லை.”

கணேசலிங்கம் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “அக்கா, எனக்கு நாலு பொதி கட்டுங்கோ. ஆனா ஒரு சிக்கல். இந்த லைற் கொழுவின ஆளை ஜூலையிலை வீட்டை விட்டு எழுப்பிறதெண்டு அண்ணை என்னட்டை வாக்கு வாங்கிப்போட்டார்.”

றோசலின் வாசலைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற ஒடீலியாவைப் பார்த்தாள். பிறகு கையில் ஒட்டியிருந்த மாவை ஆறுதலாகத் துடைத்துக்கொண்டு கணவனிடம் திரும்பினாள்.

“இவவுக்கு அந்த உயரம் எட்டுமே? ஒவ்வொரு சனியும் கதிரையிலை ஏறிக் கொழுவிறது நான்தான். ஜூலைக்கு நாங்கள் எங்கை போறம், சொல்லுங்கோ.”