நேனுன்னா

யாரோ அவள் பெயரைச் சொன்னார்கள்.

கூடூர் நிலையத்தில் ரயில் நின்றிருந்தது. பிற்பகல் வெயில் பிளாட்பாரத்தின் மேல் தண்ணீர்போல அசைந்தது. ஜன்னல் கம்பியில் தலைசாய்த்து அரைத்தூக்கத்தில் கிடந்தவள் கண் திறந்தாள்.

மறுபடியும்.

"நேனுன்னா..."

இந்த ஊரில் அவளை யாருக்கும் தெரியாது.

எந்த ஊரிலும் அந்தப் பெயரில் இன்னொருத்தியை அவள் கண்டதில்லை. நாகப்பட்டினத்துப் பள்ளியில் வருகைப் பதிவேடு வாசிக்கும் வாத்தியார்கள் அந்த இடத்தில் ஒரு நொடி நிற்பார்கள். என்ன அர்த்தம் என்பார்கள். ஒரு அம்மாவோட பேரு சார் என்பாள். அவளுக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான்.

ஹௌராவிலிருந்து ஊர் திரும்பும் மெயிலில், அவளைச் சுமந்திருந்த அம்மாவுக்கு எட்டாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. கூட வந்த அம்மாவின் தம்பி ரயில் கார்டைத் தேடி ஓடினான். பெட்டியில் இருந்தவர்கள் விலகிப் போனார்கள்.

ஒருத்தி மட்டும் கிட்டே வந்து உட்கார்ந்தாள்.

அவள் பாஷை புரியவில்லை. அம்மா அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு பெயர் கேட்டாள்.

"நேனுன்னா" என்றாள் அவள்.

வலி எழும்போதெல்லாம் அம்மா அந்தப் பெயரைச் சொல்லித்தான் கத்தினாள். குழந்தை அழுதது. ஏதோ ஒரு ஸ்டேஷனில் அந்தப் பெண் கை கழுவ இறங்கினாள். ரயில் கிளம்பிவிட்டது.

வருஷம் தவறாமல் அம்மா அம்மன் கோவிலில் அந்தப் பெயருக்கு ஓர் அர்ச்சனை செய்கிறாள். குருக்கள் நட்சத்திரம் கேட்பார். மகளுடைய நட்சத்திரத்தையே சொல்வாள்.

அவள் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள்.

கண்ணில் கட்டுப் போட்ட பெரியவர் ஒருவர் பெட்டிப் படியில் தயங்கி நின்றார். கால் காற்றில் துழாவியது. கீழே நின்ற இளம்பெண் அவர் முழங்கையைத் தாங்கியிருந்தாள்.

"நேனுன்னா."

பெரியவர் காலை இறக்கினார்.

எதிரே இருந்த அம்மாள் நெல்லூரில் ஏறியவர். தமிழும் தெலுங்கும் பேசுகிறவர். அவள் அவரிடம் கேட்டாள்.

"அதுவாம்மா? 'நான் இருக்கேன்'ங்கிறா. பயப்படாதீங்க, நான் இருக்கேன்னு."

வெயில் அசைந்துகொண்டே இருந்தது. அவள் உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். முப்பத்தெட்டு வருஷமாகத் தன்னுடையதாக இருந்த சொல், யாரோ அப்போதுதான் காதோரம் வந்து சொன்னதுபோல் இருந்தது.

அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"அது பேரே இல்லம்மா. அவங்க பேரு நமக்குத் தெரியவே தெரியாது."

எல்லாவற்றையும் சொன்னாள்.

மறுமுனையில் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது.

"நான் பேருதான்டி கேட்டேன்" என்றாள் அம்மா. "அவ அதத்தான் சொன்னா."

பிறகு, குரல் தாழ்ந்து:

"வண்டி இன்னும் அங்கதான் நிக்குதா?"

"ஆமாம்மா."

"வயசான பொம்பளைங்க யாராச்சும் தெரியிறாங்களா, பாரு."

ரயில் மெல்ல அசைந்தது. போனைக் காதிலிருந்து எடுக்காமல், நகரும் பிளாட்பாரத்தில் ஒவ்வொரு முகமாக அவள் பார்த்துக்கொண்டே போனாள்.