குழு பார்த்த ஆறு

தலைமைப் பொறியாளர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஆற்றில் இறங்கினார். இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளிப் பளீர் பளீரென்று முகத்தைக் கழுவினார். நகரத்துச் சாக்கடை மொத்தமும் வந்து கலக்கிற இடம் அது. கரையில் குடைக்குக் கீழே நின்ற நாடாளுமன்றக் குழு வாயைப் பிளந்தது.

"பாத்தீங்களா சார்? அடியில கிடக்கிற கல்லு தெரியுது. கறுப்புத் தண்ணி, செத்த மீனுன்னு ஊர்ல கண்டவனும் பேசறான். அவனுங்க வாயை நீங்கதான் அடைக்கணும்."

குழுத் தலைவருக்கு ஆற்றைப் பற்றித் தெரிந்தது, அது ஈரமாக இருக்கும் என்பது மட்டும்தான். "பிரமாதம்" என்றார். உடனே மற்ற உறுப்பினர்களும் பிரமாதம் என்றார்கள். இதைச் சொல்லத்தான் அத்தனை கார், அத்தனை குடை, ஒவ்வொரு குடைக்கும் ஓர் ஆள்.

பொறியாளருக்கு வெறும் பிரமாதம் போதாது. அடுத்த வாரம் அவருக்குப் பணி ஓய்வு. ஆறு சுத்தம் என்று குழு எழுதிக் கொடுத்தால் பதவி நீட்டிப்பு; நாறுகிறது என்று எழுதினால் பங்களா, கார், கதவு திறந்துவிடுகிற ஆள் எல்லாம் போச்சு. கதவைத் தானே திறந்து அவருக்குப் பழக்கம் விட்டுப் போயிருந்தது.

குழுவில் ஓர் அம்மாளுக்கு மட்டும் மூக்கு வேலை செய்தது.

"ஆத்துத் தண்ணியில ப்ளீச்சிங் பவுடர் வாசனை அடிக்குதே, ஏன்?"

"அது சுத்திகரிப்போட வாசனை மேடம்."

"சுத்தம்னாலே அந்த வாசனைதாம்மா. நீங்க ஆஸ்பத்திரிப் பக்கமே போனதில்லையா?" என்று தலைவர் சிரித்தார். தலைவர் சிரித்தால் மற்றவர்கள் சும்மா இருக்க முடியுமா? அவர்களும் சிரித்தார்கள்.

அம்மாள் சிரிக்கவில்லை. "நாங்க வர்றோம்னு குழாயை எங்கயாவது அடைச்சு வச்சிருக்கீங்களா?"

பொறியாளருக்கு மனசு புண்பட்டுவிட்டதாம். நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். ஆள் நுழைகிற அகலத்துக்கு இருந்த வெளியேற்றக் குழாயின் வாய்க்கே அந்த அம்மாளைக் கூட்டிக்கொண்டு போனார். தண்ணீர் அணை உடைந்த மாதிரி பாய்ந்து வந்து ஆற்றில் விழுந்தது.

"அடைச்சு வச்சா இப்படிக் கொட்டுமா மேடம்? நீங்களே சொல்லுங்க."

அம்மாள் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். 

தலைவருக்குப் பசி. "அப்ப கிளம்பலாமா? நாங்க பாக்க வேண்டியதைப் பாத்துட்டோம்." புத்தி உள்ளவனாக இருந்தால் கும்பிட்டு வழியனுப்பி வைத்திருப்பான். பொறியாளருக்குப் பாராட்டு மண்டைக்கு ஏறிவிட்டது. எல்லாரையும் பந்தலுக்குள் தள்ளிக்கொண்டு போய் உட்கார வைத்து, மைக்கைப் பிடித்தார்.

பிடித்தவர் விடவில்லை. சின்ன வயதில் தான் நீந்தியதைச் சொன்னார். ஆறு தனக்குத் தாய் மாதிரி என்றார். நிபுணர்கள் கைவிட்ட ஆற்றைத் தான் ஒருவனாக மீட்டதைச் சொல்லும்போது கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உறுப்பினர்களில் பாதிப் பேருக்குக் கண் சொருகிவிட்டது.

உதவிப் பொறியாளர் குனிந்து வந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "சார், போதும் சார். அவங்களை அனுப்பிடுங்க சார்."

"இருய்யா. இப்பத்தான் சூடு பிடிக்குது. உனக்கென்ன வயித்தெரிச்சல்?"

கடைசியில் தலைவரே எழுந்து மைக்கைப் பிடுங்க வேண்டியதாயிற்று. "ஆறு சுத்தம்னு எங்க அறிக்கையில எழுதிடறோம். இந்த மாதிரி ஒரு அதிகாரியை வீட்டுக்கு அனுப்பறது நாட்டுக்கு நஷ்டம். அதையும் சேர்த்தே எழுதறோம். போதுமா?"

பொறியாளர் குனிந்த வேகத்தில் முதுகு முறிந்திருக்க வேண்டும். "எங்க வாரியத்துல ஒளிவு மறைவே கிடையாது சார். எதையும் யாரும் எப்பவும் கேக்கலாம்!"

அந்த நேரம் பார்த்து வால்வு திறக்கிற ஆள் மேட்டிலிருந்து தலைதெறிக்க ஓடி வந்தான். சட்டையெல்லாம் வியர்வை. நேராகப் பொறியாளரிடம் போய் அவர் காதருகே வாயைக் கொண்டுபோனான்.

"அதென்ன காதுல?" என்றார் அந்த அம்மாள். "சத்தமாவே சொல்லட்டுமே."

"ஒண்ணுமில்ல மேடம், வீட்டு விஷயம்" என்றார் பொறியாளர்.

"இல்ல சார், வேலை விஷயம்தான்" என்றான் அவன், ஒன்றும் புரியாமல்.

தலைவர் பேச்சை முடித்துவைத்த உற்சாகத்தில் மைக்கை அவன் பக்கம் நீட்டினார். "சும்மா சொல்லுப்பா. நாங்கல்லாம் யாரு? உங்க ஆளுங்கதானே?"

பொறியாளர் கண்ணைக் காட்டினார், பல்லைக் கடித்தார், தலையை ஆட்டினார். 'சொல்லு' என்கிறார் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அவன் தொண்டையைக் கனைத்தான்.

"ஊர்க் குடிதண்ணி டேங்கு காலியாயிடுச்சு சார், இனிமே ஆத்துக்கு எதைத் திறந்து விடறது?"