பதினைந்து மைல் வேகம்

"தம்பி, சைக்கிள்காரன் எங்களை முந்திப் போறான். பின்னாலை ஒரு மூட்டை நெல்லும் கட்டியிருக்கிறான். கண்டனியே?"

பின் இருக்கையிலிருந்து இராசமலர் கேட்டாள். கதிர்காமநாதன் ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்தபடி, "கண்டனான் அக்கா" என்றான்.

ஒட்டுசுட்டானில் வாடகைக் கார் அவனுடையது ஒன்றுதான். மாங்குளம் ஸ்டேஷனுக்குப் பதினாறு மைல். மூன்று மணிக்கு யாழ்ப்பாணக் கோச்சி. அவர்கள் புறப்பட்டபோதே இரண்டு மணி.

இராசமலருக்குப் பக்கத்தில் அருந்ததி ரீச்சர் இருந்தாள். இரண்டு வருடமாக இராசமலர் வீட்டில் தங்கி, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். அன்று மாலை ஆறு மணிக்கு நல்லூரில் அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை மலாயாவில் கிளாக்கர். லீவு முடிந்து, அன்றிரவு மெயில் கோச்சியில் கொழும்புக்குப் போய் மறுநாள் கப்பல் ஏறுகிறார். 'தவறாமல் வரவும்' என்று அவளுடைய அண்ணன் ஐயாத்துரை காலையில் தந்தி அடித்திருந்தார்.

"புதுக் கார் எண்டு பெருமை அடிச்சாய். இதென்ன, செத்த வீட்டுக்குப் போற மாதிரி ஊருறாய்?"

"கொம்பனிக்காரர் கடுதாசி போட்டிருக்கினம் அக்கா. இந்தச் சாதிக் கார் எல்லாத்திலையும் ஸ்டியரிங் பிழையாம். முன்சில்லைத் திருப்பிற தண்டு முறியக்கூடும். புதுசு பூட்டும்வரைக்கும் மணிக்குப் பதினைஞ்சு மைலுக்கு மேலை ஓடக்கூடாதாம்."

"எப்ப பூட்டுவினமாம்?"

"மாதக் கடைசிக்குள்ளை ஆள் வரும் எண்டு எழுதியிருக்கு."

இராசமலர் அருந்ததியின் பக்கம் திரும்பினாள். "உனக்கு இது தெரியுமே பிள்ளை?"

"ஓம் அக்கா. நான்தானே வாசிச்சுச் சொன்னனான்."

ஊரில் யாருக்கு ஆங்கிலக் கடிதம் வந்தாலும் தபால்காரர் அதைப் பள்ளிக்கூடத்திலேயே கொடுத்துவிடுவார். உடைத்து வாசித்து, உரியவரைக் கூப்பிட்டுச் சொல்வது அருந்ததியின் வேலை.

"அப்ப வேளைக்கே வெளிக்கிட்டிருக்கலாமே! நான் ஆறுதலாய் இருந்து மோர் குடிச்சுக்கொண்டு கிடந்தனே."

"நினைவில்லாமல் போச்சு."

"நல்ல பிள்ளை! கலியாணம் உனக்கோ, எனக்கோ?"

அருந்ததி வெளியே பார்த்தாள். பாலை மரங்கள் ஒவ்வொன்றாக, எண்ணிவிடலாம்போல, பின்னால் போயின.

கதிர்காமநாதன் அவளை வெள்ளிக்கிழமைகளில் இதே வீதியால் கொண்டுபோய் விடுவான். திங்கட்கிழமை காலையில் போய்க் கூட்டி வருவான். இரண்டு வருடத்தில் அவர்கள் பேசியது அதிகம் இல்லை. "புழுதி வருது ரீச்சர், கண்ணாடியை ஏத்துங்கோ" என்பான். "பரவாயில்லை" என்பாள். கண்ணாடியை ஒருநாளும் ஏற்றியதில்லை. வெள்ளிக்கிழமை கோச்சி போய் மறைந்த பிறகும் அவன் மேடையில் கொஞ்ச நேரம் நிற்பான். திங்கட்கிழமை கோச்சியிலிருந்து முதல் ஆளாக அவள்தான் இறங்குவாள். அவ்வளவுதான்.

இனி அதுவும் இல்லை.

ஆறாம் மைலில் மாட்டுப்பட்டி ஒன்று வீதியைக் கடந்தது. அவன் ஹோர்ன் அடிக்கவில்லை. கடைசிக் கன்றும் போகும்வரை பொறுத்திருந்தான்.

"இறங்கித் தள்ளட்டே?" என்றாள் இராசமலர்.

அவனுக்கு ஏதோ உறுத்தியது. மலாயாவில் நல்ல உத்தியோகம், நல்ல வீடு. நல்லூரில் ஒரு குடும்பமே வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். வன்னிக் காட்டில் புழுதி தின்கிற ஒருவன் அதற்குக் குறுக்கே நிற்பதா? கால் தானாக அழுத்தியது. வேகம் காட்டும் முள் இருபதைத் தாண்டி இருபத்தைந்தைத் தொட்டது. மரங்கள் வேகமெடுத்தன.

"இப்பதான் ஓட்டம்!" என்று இராசமலர் நிமிர்ந்து இருந்தாள்.

"என்ன செய்யிறியள்?" அருந்ததியின் குரல் உயர்ந்தது. "பதினைஞ்சுக்கு மேலை போகக்கூடாது."

"கொஞ்சத் தூரம்தானே ரீச்சர். நேரம்..."

"கடுதாசியை வாசிச்சது நான். தண்டு முறிஞ்சால் கார் மரத்திலைதான் நிக்கும். மெதுவாய்ப் போங்கோ."

"கொஞ்சம் ஓடட்டும் பிள்ளை, கோச்சி போயிடும்."

"மூண்டு பேரின்ரை உயிர் அக்கா."

முள் மறுபடியும் பதினைந்துக்கு இறங்கியது.

மாங்குளத்தை அடைந்தபோது மூன்றேகால். கோச்சியின் புகை வடக்கே மரங்களுக்கு மேலே மெல்லக் கலைந்துகொண்டிருந்தது.

இராசமலர் தலையில் கை வைத்தாள். "யாழ்ப்பாணம்வரைக்கும் காரிலையே விடன் தம்பி."

"அறுபது மைல் அக்கா. இந்த வேகத்திலை போய்ச் சேர ஏழரை ஆகும். மாப்பிள்ளை மெயிலிலை ஏறியிருப்பார்."

"ஐயாத்துரை எங்களைத் தின்னப்போறான்."

அருந்ததி முன்பக்கம் கையை நீட்டினாள். "கொம்பனிக் கடுதாசியைத் தாங்கோ. அண்ணைக்கு அனுப்பவேணும். எங்களிலை பிழையில்லை எண்டு அதைப் பார்த்தால் விளங்கும்."

அவன் எடுத்துக் கொடுத்தான். அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் துணிவில்லை. தபால் கந்தோரில் ஒரு தந்தி கொடுத்துவிட்டு, மூவரும் வந்த வழியே திரும்பினார்கள்.

நாலு மைல் போவதற்குள் இராசமலர் வாயைத் திறந்தபடி உறங்கிவிட்டாள். வெயில் சாய்ந்திருந்தது. முள் பதினைந்திலேயே நின்றது.

"இனிக் கொஞ்சம் வேகமாய்ப் போகலாம்" என்றாள் அருந்ததி, தாழ்ந்த குரலில்.

அவன் திடுக்கிட்டான். "கடுதாசியிலை..."

"அது போன கிழமைக் கடுதாசி. இண்டைக்குக் காலமை இன்னொண்டு வந்தது. செவ்வாய்க்கிழமையே ஆள் வந்து உங்கடை காருக்குப் புதுத் தண்டு பூட்டியாச்சாம். நீங்களும் கையெழுத்து வைச்சிருக்கிறியளாம்."