நாலு மணி மோட்டார்

பிள்ளைகள் வாயைத் திறந்தார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் மோட்டாரும் வாயைத் திறந்தது.

"வந்துட்டாருய்யா!" என்று சுகன்யா டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பாகூர் பக்கத்து அரசுப் பள்ளிக்கு அவள் பாட்டு டீச்சராக வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. வந்த நாள் முதல் இதே கூத்து. நாலு மணிக்குச் சேர்ந்திசைப் பயிற்சி தொடங்கினால், பச்சையப்பனின் வயல் மோட்டார் 'ஊம்ம்ம்' என்று ஆரம்பித்துவிடும். பயிற்சி முடிந்து பிள்ளைகள் பையைத் தூக்கினால் அதுவும் கப்பென்று நின்றுவிடும்.

"வேணும்னேதான் பண்றாரு," என்றார் தலைமையாசிரியர் நாகராஜன். "மதில் கட்டினப்போ ஓரடி எடத்துக்கு நம்மகிட்ட மல்லுக்கு நின்னவராச்சே. அந்தக் கோவம் இன்னும் தீரல."

"அவர் சத்தத்துல என் செல்போன் சுருதியே கேக்கல சார்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. நாளைக்கு வந்து கேப்பேன். தேறலன்னா புதுச்சேரி பள்ளி விழா மேடைக்கு நம்ம பேரு குடுக்க மாட்டேன்."

இந்தப் பிள்ளைகள் ஒரு மேடையும் ஏறினதில்லை. மணப்பட்டிலிருந்து வரும் ஸ்டெல்லாவின் அம்மா அதற்குள் புதுப் பாவாடையே தைக்கக் கொடுத்துவிட்டாள்.

அன்று மாலை பள்ளி வாசலில் பச்சையப்பனின் மொபெட்டை மறித்தாள்.

"ஸ்கூல் மேல கோவம்னா எங்ககிட்ட காட்டுங்க சார். பசங்க பாட்டுல ஏன் காட்டறீங்க?"

மனிதர் திருதிருவென்று விழித்தார். "இன்னா டீச்சர் சொல்றீங்க?"

"நாலு மணிக்கு மோட்டார் போடாதீங்கன்னு சொல்றேன்."

"நிறுத்திடறேன். ஆனா, நிறுத்துனா புள்ளைங்களுக்குப் பரவால்லியா?"

திமிரைப் பார்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடுவிடுவென்று திரும்பி நடந்தாள்.

மறுநாள் நாலு மணி. மதிலுக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நாகராஜன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சுகன்யா செல்போனில் சுருதி வைத்துக் கையைத் தூக்கினாள்.

முதல் வரி எப்படியோ ஒப்பேறியது. இரண்டாவது வரியில் முன்வரிசை ஒரு பக்கம் இழுத்தது, பின்வரிசை இன்னொரு பக்கம். அப்புறம் ஆளுக்கொரு சுருதி. ஆண்டனி டோலக்கை நிறுத்திவிட்டு மதிலைப் பார்த்தான். எல்லாப் பிள்ளைகளும் மதிலைத்தான் பார்த்தார்கள்.

"என்ன ஆச்சு உங்களுக்கு?"

"மோட்டாரு இல்ல மிஸ்," என்றாள் ஸ்டெல்லா.

"இல்லைன்னா நல்லதுதானே?"

"இல்ல மிஸ். சுருதிப்பெட்டி ரிப்பேரு ஆனதுலேர்ந்து நாங்க மோட்டார வச்சிதான் சுருதி புடிக்கிறோம். செல்லு சத்தம் பின்னால வரைக்கும் வர்ல. மோட்டாருன்னா எல்லாருக்கும் கேக்கும். அது மேல நின்னுக்குவோம்."

சுகன்யாவுக்கு முகம் சுருங்கிப்போனது. ஒரு மாதமாக அந்தச் சத்தத்தைத் திட்டினாளே தவிர, ஒரு நாளாவது காது கொடுத்துக் கேட்டாளா? பாட்டு டீச்சராம், பாட்டு டீச்சர்!

மதிலோரம் ஓடினாள். "பச்சையப்பன் சார்! மோட்டாரைப் போடுங்க!"

மனிதர் காத்துக்கொண்டே நின்றிருப்பார் போலிருக்கிறது. உடனே சுவிட்ச் விழுந்தது.

ஊம்ம்ம்...

பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டார்கள். பாடினார்கள்.

அத்தனை குரலும் ஒரே குரலாக எழுந்தது. ஒரு பிசிறு இல்லை. அடியில் அந்த ஊங்காரம் தரையாக விரிந்து கிடக்க, அதன்மேல் காலூன்றி வரிசை வரிசையாக மேலே போனார்கள். சுகன்யாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தம்புராவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வருஷக்கணக்காகப் படித்தவள்தான். சுருதி இப்படி ஆளையே தூக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. தூக்கின கை தாளம் போட மறந்து அப்படியே நின்றது. நாகராஜன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஏன் எழுந்தார் என்று அவருக்கே தெரியாது.

பாட்டு முடிந்தது.

"பேரு குடுத்துடறேன்," என்றார் நாகராஜன். "ஆனா மேடைக்கு மோட்டாரை எப்படிம்மா தூக்கிட்டுப் போவ?"

"செல்போன்ல ரெக்கார்டு பண்ணி, மேடையில பெரிய ஸ்பீக்கர்ல போட்டுடலாம் சார்."

மதிலைச் சுற்றிக்கொண்டு முதல்முறையாக மோட்டார் கொட்டகைக்குப் போனாள். பச்சையப்பன் அதை நிறுத்தாமல் வைத்திருந்தார். செல்போனை நீட்டிப் பிடித்தபடி வெளியே பார்த்தாள். வயலில் நெல்லே இல்லை. அறுத்த தாள் காய்ந்து கிடந்தது.

"அறுப்பு எப்ப சார் முடிஞ்சுது?"

"அது ஆச்சி டீச்சர், நீங்க வர்றதுக்கு மின்னயே."

"அப்ப தினம் நாலு மணிக்கு எதுக்குத் தண்ணி இறைக்கிறீங்க?"

பச்சையப்பன் தலையைச் சொறிந்தார். "ஒருநாளு கரண்டு போயி மோட்டாரு நின்னுச்சி. புள்ளைங்க பாட்டும் நொண்ட ஆரம்பிச்சிடுச்சி. அதான்..."



சுகன்யா குழாயின் வாய் எங்கே என்று தேடினாள். அது வயல் பக்கமே இல்லை. இறைத்த தண்ணீர் அத்தனையும் திரும்ப அதே கிணற்றுக்குள் விழுந்துகொண்டிருந்தது.